ஐந்தாவது இணைப்பு

சாயங்காலம் ஐந்து மணிக்குள், வாழ்க்கையில் முதல்முறையாக "முடியாது" என்று சொல்லியே தீருவது என்று முடிவு கட்டியிருந்தார் சரிங்க சார். எதற்கெடுத்தாலும் "சரிங்க" என்பதால் ஆபீசில் வைத்த பெயர் அது. வெளியூர்க் கிளைக்கு மேலாளராகப் போ என்கிறார்கள். வீட்டில் ஒருத்தியைச் சமாளிக்கத் தெரியாத மனுஷன், அங்கே பதினாலு பேரை எப்படிச் சமாளிப்பார்? காலையிலேயே எழுதி வைத்த பதில் கடிதத்தில் ஒரே வரிதான்: "தாங்கள் அளிக்கும் பதவியை ஏற்க என்னால் இயலாது." மனைவியிடமோ, பதவி வேறு யாருக்கோ போய்விட்டது என்று புளுகியாகிவிட்டது. இத்தனை வருஷமாக வீடு மாற்றலாம், ஊர் மாற்றலாம் என்று நச்சரிப்பவள். தெரிந்தால் தொலைந்தார்.

அனுப்பப் போகிற நேரம் பார்த்துத் திரையில் ஓர் எச்சரிக்கை: தெரியாத கருவி ஒன்று இணைந்திருக்கிறதாம். பட்டியலைத் திறந்தார். கம்ப்யூட்டரோடு ஐந்து இணைப்புகள். நாலுக்குப் பெயர் இருந்தது. ஐந்தாவதற்கு வெறும் எண்கள்.

"என்ன, மூஞ்சி வெளிறிப்போச்சு?" மனைவி அறை வாசலில் நின்றாள்.

"எவனோ உள்ள பூந்திருக்கான். எல்லாத்தையும் ஒட்டுக் கேக்குறான்."

"இந்த வீட்ல நான் சொல்றதைக் கேக்கவும் ஒரு ஆள் வந்தாச்சா? இருந்துட்டுப் போகட்டும்."

"விளையாடாதே. கடிதம்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "கடிகாரம் ஓடுது. டிவியை அணை."

அணைத்தாள். பிரிண்டர் ஒயரை அவர் பிடுங்கினார். ஹாலில் ஸ்பீக்கரையும் அணைத்தார். ஸ்டூலில் ஏறி வாசல் கேமராவையும் கழற்றினார். நிலையின் மேல்கட்டையில் தலை இடித்ததுதான் மிச்சம். பெயருள்ள நாலும் போய்விட்டன. எண்கள் மட்டும் அசையவில்லை. மணி நாலு ஐம்பது.

"நெட்டையே நிறுத்திடுங்களேன்."

"நிறுத்தினா எப்படி அனுப்..."

"என்னத்தை?"

"ஒண்ணுமில்ல."

"சரி, அந்த நம்பரைப் படிங்க."

படித்தார். அவள் தன் போனைப் பார்த்தாள். "கடைசில நாப்பத்தேழா? இது நான்தான்."

"உன் போனுக்கு என் கம்ப்யூட்டர்ல என்ன வேலை?"

"உங்க ஃபைலெல்லாம் இதுலயும் திறக்கிற மாதிரி போன வாரமே வச்சுட்டேன். 'தண்ணி மோட்டார் ரிப்பேர்'னு ஒண்ணு இருந்துச்சு. மோட்டார் நல்லாத்தானே ஓடுதுன்னு திறந்து பார்த்தேன்."

கடிதத்துக்கு அவர் வைத்த பெயர் அது. காது மடல் சுட்டது. வெட்கம் ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. மணி நாலு ஐம்பத்தெட்டு.

"தெரிஞ்சுடுச்சுல்ல? நல்லதாப் போச்சு. நான் போகப்போறதில்ல. யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மனசு மாறுவதற்குள் கடிதத்தை மெயிலில் சேர்த்தார், அனுப்பும் பொத்தானை அழுத்தினார். போயிற்று. இத்தனை வயசுக்கு இன்றைக்குத்தான் ஆம்பிளையானது போல நெஞ்சு நிமிர்ந்தது.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பியாச்சு. இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ண வேண்டாம். 'இயலாது'ன்னு ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சு. மத்தியானமே 'இயலும்'னு திருத்தி வச்சுட்டேன்."