மூன்றாம் நம்பர் வராது என்ற பிரசிடென்ற் அண்ணை

பிள்ளைகளே, போன கிழமை தொலைக்காட்சியில் அமெரிக்க ஜனாதிபதி பேசி முடிக்கும்போது, கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிக்கட்டும் என்றார். நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சின்னவன், அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அக்காவிடம் டேனிஷில் கேட்டான். எனக்கு என்ன நடந்தது என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அக்காவும் ஆறுதலாக வாசிக்கட்டும். இது அவளுடைய கதையுந்தான்.

டென்மார்க்கில் கால்வைத்த தமிழர்களுக்குள் அமெரிக்காவை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஆசீர்வதித்தவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பிரசிடென்ற் அண்ணை என்போம். எண்பதுகளின் நடுப்பகுதியில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், கடற்கரையோரம் இருந்த ஒரு பழைய ஹோட்டலை அகதிமுகாம் ஆக்கியிருந்தார்கள். ஒரே அறையில் அவருக்கு ஒரு கட்டில், எனக்கு ஒரு கட்டில். நடுவில் அவருடைய றேடியோ.

அந்தச் சிற்றலை றேடியோவில் அவர் கேட்டதெல்லாம் அமெரிக்கப் பிரசங்கமும் அமெரிக்க அரசியலும். ஒன்று முடிந்து மற்றது தொடங்குவது எனக்குப் பிடிபடாது. அவருக்கும் பிடிபடவில்லை என்றுதான் சொன்னார்.

"பாதிரியார் ஆருக்கு வோட்டுப் போடவேணும் எண்டு சொல்லுறார். அரசியல்வாதி ஆர் மோட்சத்துக்குப் போவினம் எண்டு சொல்லுறார். ரெண்டு பேரும் வேலையை மாத்திப் பிடிச்சிட்டினம், தம்பி."

"எங்கட ஆக்களும் தேர் வடம் பிடிக்கிறவைதானே அண்ணை," என்றேன்.

"தேர்தல் வந்தாப் பிடிப்பினம். இவங்கள் வருஷம் முழுக்கப் பிடிக்கிறாங்கள். கடவுள் தங்கட பக்கம் எண்டுறாங்கள், பிறகு ரொக்கற்றும் செய்யிறாங்கள். பக்கத்தில நிக்கிறவரில நம்பிக்கை இல்லைப்போல."

சொல்லிவிட்டு எழும்பி நின்று, நெஞ்சில் கைவைத்து ஆசீர்வதிப்பார். குசினியில் கோப்பை கழுவி முடிந்தால் குசினிக்கு ஒரு ஆசீர்வாதம். குளிக்கும் அறையில் சுடுதண்ணீர் வந்தால் தண்ணீருக்கு ஒன்று. ஒரு பிரசங்கியார், வருத்தக்காரர் றேடியோவில் கைவைத்தால் சுகம் வரும் என்றார். எனக்கு அப்போது பல்வலி. அண்ணை என் கையைப் பிடித்து றேடியோவில் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கால் மணித்தியாலம் நின்றார்.

"சுகமோ?"

"இல்லை அண்ணை. ஆனா முந்தியிருந்த இரைச்சல் நிண்டு றேடியோ இப்ப தெளிவாக் கேக்குது."

"அப்ப ஆருக்கோ சுகம் வந்திருக்கு," என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்குள் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் முகாமுக்கு வருகிறார். அவருக்கு முன்னால் போய் முழங்காலில் நிற்பவர்களுக்கு அமெரிக்காவுக்குப் போகக் கடிதம் கொடுப்பார். செய்தியைக் கொண்டுவந்தவன் எங்கள் முகாமில் இருந்த மன்னார் அன்ரன். அவனுக்கு யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மூத்தவளே, நீ அப்போது ஊரில் அம்மாவின் இடுப்பில் இருந்தாய். அம்மாவின் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல். கடைசிக் கடிதத்தில், ஷெல் அடி தொடங்கினால் உன்னைத் தூக்கிக்கொண்டு எந்த வீட்டுக்கு ஓடுவாள் என்று எழுதியிருந்தாள். டென்மார்க்கோ என் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் சொல்லாமல் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டைக் கேட்டால் இரண்டும் கைவிடும் என்று முகாமில் இன்னொரு கதை. அதனால் டென்மார்க்கில் போட்ட விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி அண்ணையைக் கேட்டேன். எனக்கு ஆங்கிலம் போதாது.

அவர் சிரிக்கவில்லை. எழுதினார்.

"கையெழுத்து வைச்சிட்டியோ?"

"வைச்சிட்டன். ஞாயிறு அவர் ஓம் எண்டா, திங்கள் காலமை ஒஃபீசில குடுத்திடுவன்."

"நீ சைவம் எல்லோ?"

"பிள்ளைக்காக முழங்கால் மடிக்கிறதை முருகன் பிழையா எடுக்கமாட்டான்."

அவர் றேடியோவை நிறுத்திவிட்டுப் படுத்தார்.

இந்த நாட்டில் வெதுப்பகத்திலும் நம்பர்த் துண்டு எடுத்துத்தான் நிற்கவேண்டும். பொலிசிலும் அப்படித்தான். ஒழுங்கில்லாத ஆட்கள் என்று அமெரிக்கர் நினைக்கக்கூடாது என்பதற்காக அன்ரன் ஓட்ஸ் பெட்டி மட்டையை வெட்டி, சிவப்புப் பேனையால் நம்பர் போட்டு, ஒழுங்காக அடுக்கி ஒரு தொப்பிக்குள் வைத்தான். வந்தவர்கள் வந்த ஒழுங்கில் மேலிருந்த துண்டை எடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது ஏழு.

பாதிரியார் நல்ல மனிதர். நெடுத்த ஆள், கையில் கிற்றார். மனைவி இரண்டு தட்டு நிறைய அப்பிள் கேக் கொண்டுவந்திருந்தார். அண்ணைதான் மொழிபெயர்ப்பு. அந்த மூக்கால் பேசும் ஆங்கிலம் விளங்கக்கூடிய ஆள் வேறு இல்லை. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. மனம் தொடப்பட்டவர்கள் முன்னுக்கு வாருங்கள் என்று பாதிரியார் கையை விரித்தார்.

"ஒண்டு," என்றான் அன்ரன். ஒருவர் போய் முழங்காலில் நின்றார்.

"ரெண்டு." அவரும் போனார். பாதிரியாரின் கண் கலங்கியது.

"மூண்டு." ஒருவரும் எழும்பவில்லை. "மூண்டு ஆரப்பா?"

பாதிரியாருக்குப் பக்கத்தில் நின்ற அண்ணை, "மூண்டு வராது. நாலைக் கூப்பிடு," என்றார்.

நாலு போனார். ஐந்து போனார். என் மேல்பொக்கற்றில் கடிதம், கைக்குள் துண்டு. ஆறாவது ஆள் எழும்பும்போது பாதிரியார் அந்த மட்டையைக் கண்டுவிட்டு, இது என்ன நம்பர் என்று அண்ணையைக் கேட்டார்.

அண்ணை என் மேல்பொக்கற்றைப் பார்த்தார். பிறகு அவர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். பாதிரியாரின் விரித்த கை கீழே இறங்கியது. அவர் தலையை ஆட்டி நீளமாகப் பேசினார். அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார்.

"கடிதம் எண்டு ஒண்டும் இல்லையாம். விசா தன்ர கையில இல்லையாம். செபிக்கத்தான் ஏலுமாம். தன்ர அரசாங்கம் தன்ர பேச்சைக் கேக்காதாம்."

"கடவுளின்ர பேச்சைக் கேக்கிற அரசாங்கம் எண்டு றேடியோவில சொல்லுறாங்களே, அதையும் கேளுங்கோ," என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

அண்ணை கேட்டார். பாதிரியார் கிற்றாரைப் பார்த்தபடி ஒரு வரியில் சொன்னார்.

"அப்படித்தான் சொல்லுகினம், எண்டுறார்," என்றார் அண்ணை.

முழங்காலில் நின்றவர்கள் எழும்பினார்கள். கேக்கை மட்டும் ஒருவரும் விடவில்லை. அன்ரன் வாய் நிறையக் கேக்கோடு அண்ணையிடம் சண்டைக்குப் போனான்.

"நீர் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தா நம்பிக்கையாவது மிஞ்சியிருக்கும்."

"உன்ர நம்பிக்கையில இவன்ர பெண்சாதி பிளேன் ஏறேலாது," என்று அண்ணை என்னைக் காட்டினார்.

எனக்கும் கோபந்தான். கடவுளையும் நம்பாமல், மற்றவனையும் நம்பவிடாத மனிதன் என்று நினைத்தேன். கடிதத்தைக் கிழித்தேன், அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். ஒரே அறையில் மூன்று கிழமை. அவர் சும்மா இருக்கவில்லை. சுவரைப் பார்த்து, கதைக்காத தம்பியைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்பார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன்.

நாலாம் கிழமை எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் டென்மார்க் அரசாங்கத்தின் கடிதம் வந்தது. எனக்கு அதை வாசித்து விளங்கத் தெரியாது. கையை நீட்டி அவரிடமே கொடுக்கவேண்டியிருந்தது. அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"தந்திட்டாங்கள். பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடலாம். கடவுள் டென்மார்க்கை ஆசீர்வதிக்கட்டும்." முதல் தடவையாக நாட்டை மாற்றிச் சொன்னார்.

"உங்களுக்கு என்ன அண்ணை?"

"ஒடென்சேப் பக்கம் வேற முகாமுக்கு மாத்துறாங்கள். இன்னும் யோசிக்கிறாங்களாம்."

அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஏறுமுன் றேடியோவை என் கையில் திணித்தார்.

"வேண்டாம் அண்ணை, உங்களுக்கு வேணும்."

"பிடி. இனிப் பல்வலி வந்தா ஆர் மணிக்கூடு பாக்கிறது?"

பஸ் போனபின் அறைக்கு வந்து றேடியோவைப் போட்டேன். சத்தம் வந்து வந்து நின்றது. பின்மூடியைத் திறந்தேன். பற்றறி ஆடாமலிருக்க மடித்துச் செருகிய மட்டை ஒன்று விலகிக் கிடந்தது. விரித்தேன். ஓட்ஸ் பெட்டி மட்டை. சிவப்புப் பேனையில் மூன்று.

எனக்கு நாலு பேர் முந்தி அவர் தொப்பிக்குள் கைவிட்டிருக்கிறார்.

மட்டையைப் பழையபடி மடித்துச் செருகினேன். றேடியோ பேசியது. பிரசங்கம் இல்லை; மீன்பிடிகாரருக்கு டேனிஷில் காற்றும் மழையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து அதன்மேல் கைவைத்தேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, ஒடென்சேக்குப் போகிறவருக்காகக் கால் மணித்தியாலம் அப்படியே நின்றேன்.