மாப்பிள்ளைக்கு ஒரு கூலிங் கிளாஸ்

ஆண்களுக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் போனால் கூடவே ஒருவர் வருவார். நீங்கள் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். பணம் உங்களுடையது, பரிசு வாங்கிக்கொள்ளப் போகிறவர் உங்களுக்கு வேண்டியவர், ஆனால் கடைப் படியில் முதல் கால் வைப்பது அவர்தான். இந்த இனம் தர்மபுரிப் பக்கத்தில் ஊருக்கு ஒன்றாவது உண்டு. நன்றாக விளைந்த ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் கடத்தூருக்கு வந்து, புளி மண்டி பிலவேந்திரன் எங்கே என்று கேளுங்கள்.

அவர் தொழில் புளி. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சுளையை எடுப்பார், நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், தரத்தைச் சொல்லிவிடுவார். இருபது வருஷமாக அந்த நாக்கு தப்பியதில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது. உலகத்தில் எந்தப் பொருளானாலும் தன் உடம்பில் வைத்துப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பெல்ட்டா, தன் இடுப்பில் கட்டுவார். வாட்ச்சா, தன் மணிக்கட்டில் மாட்டுவார். மோதிரமா, தன் விரலில் திருகி ஏற்றுவார். பிறகு கடையில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் போய், நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு, எடுப்பாக இருக்கிறது, கட்டிக் கொடு என்பார். யாருக்கு எடுப்பாக இருக்கிறது? அதைக் கேட்கத்தான் கடத்தூரில் ஆள் இல்லை.

இப்படித்தான் ஓய்வு பெற்ற ஒல்லித் தலைமையாசிரியருக்கு வந்த பெல்ட் அவரை ஒன்றரைச் சுற்று சுற்றியது. இப்படித்தான் டிராக்டர் ஓட்டும் மாதையனுக்கு ஒரு டை பின் கிடைத்தது. மாதையன் பிறந்ததிலிருந்து டை கட்டியதில்லை. டீசல் ரசீதுகளை அதில் சேர்த்துக் குத்தி வைக்கிறார். ஈஸ்டர் பூசை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது தூரத்திலிருந்து பார்த்தால், பாதிப் பேர் பிலவேந்திரனைப் போலவே இருப்பார்கள்.

போன தை மாதம் அவர் தம்பி மகள் மிக்கேலம்மாளுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை சவரி, மாரண்டஹள்ளியில் காய்கறி மண்டியில் எடை போடுகிறவர். தடித்த பவர் கண்ணாடிக்காரர். பெண் பார்க்க வந்த அன்று, காபி குடிக்கக் குனியும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது, அவர் விரலால் ஏந்திப் பிடித்தார். நாலாவது தடவை அவள் பார்த்துவிட்டாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நாலாவது தடவையில்தான்.

அவர்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம். நிச்சயத்தன்று பெண் வீட்டார் தட்டில் வைக்கும் பொருளை மாப்பிள்ளை அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டுதான் மாமனார் காலில் விழ வேண்டும். தான் தையல் தைத்துச் சேர்த்த காசில் அதை வாங்க நினைத்தாள் மிக்கேலம்மாள். தர்மபுரிக்கு பஸ் ஏறினாள். பக்கத்து சீட்டில் பெரியப்பா பிலவேந்திரன்.

"பெரியப்பா, கண்ணாடியில மாட்டிக் கழுத்துல போட்டுக்குற கயிறு இருக்குதுங்க. அது வாங்கலாமுங்களா?" என்றாள் கடையில்.

"மாப்பிள்ளைக்குப் போயி யாராச்சும் கயிறு வாங்குவாங்களா பாப்பா? ஆம்பளைக்குப் பர்சனாலிட்டி நாலே நாலு. வாட்சு, பெல்ட்டு, பர்சு, கூலிங் கிளாசு. கயிறெல்லாம் மாட்டுக்கு."

"அவரு பவர் கண்ணாடி போடுறவருங்க."

"அதுக்குத்தான் சொல்றேன். அதக் கழட்டிட்டு இதப் போட்டா ஆளே மாறிடுவாப்புல."

அவள் பயந்ததும் அதற்குத்தான். ஆளை மாற்ற நினைக்கிறாள் என்று சவரி எண்ணிவிட்டால் என்ன செய்வது? ஆனால் பெரியப்பா அதற்குள் தங்க நிறச் சட்டம் போட்ட ஒரு கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போயிருந்தார். நேராக, பக்கவாட்டில், வயிற்றை இழுத்துக்கொண்டு. நேரமானது. அந்த நேரத்துக்குள் மிக்கேலம்மாள் ஒரு கறுப்புக் கயிற்றைச் சத்தமில்லாமல் வாங்கிக் கைக்குட்டைக்குள் முடிந்துகொண்டாள்.

நிச்சயத்தன்று தட்டில் அந்தக் கூலிங் கிளாஸ்தான் இருந்தது. சவரி அதைப் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டார். பந்தல் முழுக்க ஆகா என்றது. மாமனார் ஒரு பந்தக்காலின் ஓரம் நின்றிருந்தார். அடுத்த பந்தக்காலின் ஓரம் மைக் செட் தீர்த்தகிரி, கையில் மைக்கோடு நின்றிருந்தார். சவரி தடவித் தடவி நடந்து போய்த் தீர்த்தகிரியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தன் காலில் அதுவரை யாரும் விழுந்து பார்த்திராத தீர்த்தகிரி, திகைத்தாலும் கடமை தவறாமல், "பதினாறும் பெத்து நல்லா இருங்க" என்று வாழ்த்தினார். வாழ்த்து மைக் வழியாகத் தெருக்கோடி வரை போனது.

பந்தல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சவரி சிரிக்கவில்லை. எழுந்து கூலிங் கிளாஸைக் கழற்றினார்.

"என் கண்ணாடி புடிக்கலைன்னா, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே."

மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதையும் தெருக்கோடிக்குக் கொண்டு போனது. சிரிப்பு நின்றது. சவரியின் அம்மா ராயம்மாள் இன்னும் மாற்றிக்கொள்ளாத வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எல்லாரும் பிலவேந்திரனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். அன்று அவர் சொன்னது அவர் வாழ்க்கையிலேயே பெரிய உண்மை.

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

மிக்கேலம்மாள் எழுந்து வந்தாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சவரியிடம் நீட்டினாள்.

"நான் உங்களுக்கு வாங்குனது இதுதானுங்க. அது, பெரியப்பா அவருக்கே வாங்கிக்கிட்டது. உங்க கண்ணாடியில இத மாட்டிக்குங்க. இனிமே நாலு தடவ புடிக்க வேண்டாம்."

அந்த நாலு யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது. சவரி கயிற்றை மாட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், சரியான காலைத் தேடிப் போய் விழுந்தார், கண்ணாடி கழுத்திலேயே நின்றது. ராயம்மாள் வெற்றிலைத் தட்டைத் திரும்ப நடுவில் தள்ளி வைத்தார்.

கூலிங் கிளாஸ் இப்போது புளி மண்டியில் இருக்கிறது, பிலவேந்திரனின் மூக்கின் மேல். அதைப் போட்டால் புதுப் புளியும் பழம்புளியாகத் தெரிகிறதாம். நாக்கு இருக்கவே பிழைப்பு ஓடுகிறது. திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச் பார்க்க வேண்டும் என்று சொல்லி, இப்போதே தன் மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் உங்கள் மச்சானுக்கு ஒரு பெல்ட் வாங்கினீர்களே, அது எந்த இடுப்பில் அளவு பார்க்கப்பட்டது? கடைக் கண்ணாடியில் அப்போது தெரிந்தது யார், மச்சானா?

போகட்டும். இழுத்துப் பிடித்திருக்கும் வயிற்றை இனிமேலாவது வெளியே விடுங்கள்.