இருநூற்று ஒன்று யாருக்கு?

"1996, ஓணத்துக்கு முந்தின வெள்ளி. 201 காலி. யாரும் கேட்க வேண்டாம்."

நெய்யாற்றின்கரையில் நான் காஷியராக இருந்த கூரை ஓட்டுக் கம்பெனியில், டெலிபோன் போர்டுக்கு மேலே இப்படியொரு அட்டை தொங்கியது. எழுதியவர் எங்கள் ஆபரேட்டர், நம்பர் அண்ணன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், மனிதர்களை எண்ணால் மட்டுமே அறிந்த இன்னொருவர் கிடைக்கமாட்டார். கல்யாணப் பந்தியில்கூட என்னைப் பார்த்து, "எலே முந்நூத்திப் பதினொண்ணே, சாம்பாரு வேணுமா?" என்று கத்துவார்.

கம்பெனிக்கு நான்கு இடங்கள்: நெய்யாற்றின்கரை, அதியன்னூர், காஞ்சிரங்குளம், காரோடு. ஒவ்வொன்றிலும் தனி இண்டர்காம் பெட்டி. எல்லா இடத்திலும் மேனேஜர் 21, காஷியர் 22. நான்கு பெட்டிகளையும் லைன் போட்டு இணைக்கப்போகிறார்கள் என்றதும் அண்ணன் துள்ளினார்.

"இருபத்தொண்ணை அமுக்கினா நாலு மேனேஜரும் ஒண்ணா எடுப்பாவ. பின்னே அண்ணைக்கு வேல நடந்த மாதிரிதான்!"

அவரே திட்டம் போட்டார். முதல் இலக்கம் ஊர், பின்னிரண்டும் வேலை. எந்த ஊரானாலும் முதலாளி 01, காஷியர் 11, கேட் 40. பூஜ்யம் வெளி லைன், ஒன்று அவசரத்துக்கு. ஒன்பது அவர். எட்டு ராசியில்லை என்று யாரும் வாங்காததால் சும்மா கிடந்தது. அதியன்னூர் கேட்காரர் இறந்தபோது, அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தொட்டு அண்ணன் சொன்ன ஆறுதல் இது: "மக்கா, அப்பனுக்க நம்பரை ஒரு வருஷத்துக்கு எவனுக்கும் குடுக்கமாட்டேன். அதாக்கும் மரியாத." சொன்னபடியே செய்தார். அந்த ஆண்டு முழுதும் புதிய கேட்காரர் நாற்பத்தொன்றில் பேசினார்.

சிக்கல் வந்தது முதலாளிகளால். பழைய முதலாளி இறந்தபின் அவர் மகன்கள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் நெய்யாற்றின்கரையில், சின்னவர் காரோட்டில். கம்பெனியை இரண்டாகப் பிரிக்க வக்கீல் காகிதம் தயார், கையெழுத்துதான் பாக்கி. பிரிந்தால் எங்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகவேண்டும். இந்த நேரத்தில் நம்பர் அண்ணன் நெய்யாற்றின்கரைக்கு 2 என்றும், வரிசையாகப் போய்க் காரோட்டுக்கு 5 என்றும் போட்டுவிட்டார். பெரியவர் 201, சின்னவர் 501.

சின்னவர் ஜீப்பில் வந்து இறங்கினார். "நான் அஞ்சாமத்தவனா? எங்க வீட்டுல பிள்ளைய ரெண்டே பேரு. நடுவுல உள்ள ரெண்டு பேரும் யாருவேய்?"

அவருக்கு 201 கொடுத்தால் பெரியவர் அன்றே கையெழுத்துப் போட்டுவிடுவார். நம்பர் அண்ணன் ஊர்களையெல்லாம் ஒரு படி தள்ளினார். நெய்யாற்றின்கரை 3, காரோடு 6. இரண்டாம் வரிசை முழுக்கக் காலி. அட்டை தொங்கியது அன்றுதான். பிறகு பெரியவரிடம் தனியாகப் போய், "இருநூத்தி ஒண்ணு ஒங்களை நெனச்சாக்கும் ஒதுக்கியிருக்கேன். வெளிய மிண்டப்பிடாது" என்றார். பஸ் பிடித்துக் காரோடு போய்ச் சின்னவரிடமும் அதையே சொன்னார்.

காலி எண்ணை அழுத்தினால் அழைப்பு ஆபரேட்டரிடம் வந்து விழும். தம்பி எடுத்துக்கொண்டானோ என்று பெரியவரும், அண்ணன் எடுத்துக்கொண்டாரோ என்று சின்னவரும் தினமும் 201 அழுத்திப் பார்த்தார்கள். "காலியாக்கும் மொதலாளி" என்று நம்பர் அண்ணன் இருவருக்கும் குழைந்தார்.

ஒரு மத்தியானம் நான் வவுச்சரோடு அவர் அருகே நின்றேன். போர்டில் இரண்டு விளக்குகள் ஒன்றாக எரிந்தன. அவர் விரல் எதையோ அழுத்தியது. ஸ்பீக்கரில் இரண்டு குரல்கள்.

"ஹலோ, யாரு?"

"எலே, நீயா? அப்ப நம்பரை எடுத்தது நீயாக்கும்!"

"நானா? இருநூத்தி ஒண்ணுல இருந்துகிட்டு என்னைக் கேக்கீங்களா?"

"கள்ளம் சொல்லாதலே!"

"அம்மையாண, நான் எடுக்கல்ல!"

அப்புறம் பெரியவரின் குரல் இறங்கியது. "அம்மைக்கு முட்டுவலி எப்பிடி உண்டு?"

"கொறஞ்ச பாடில்ல. ஒங்களைத்தான் கேட்டுகிட்டே இருக்கா."

"ஞாயித்துக்கெழம வாறேன்னு சொல்லு."

நம்பர் அண்ணன் ஸ்பீக்கரை அணைத்தார். "ஒயரு ஒட்டிப்போச்சு, கேட்டியா."

"போர்டு புதுசுல்லா அண்ணே?"

"புதுசுதான் மக்கா ஒட்டும்."

வக்கீல் காகிதத்தில் கடைசிவரை யாரும் கையெழுத்துப் போடவில்லை. 201ஐயும் யாரும் கேட்கவில்லை.

1999 மழைக்காலத்தில் நம்பர் அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது போர்டுக்கு மேலே புதிய அட்டை: "ஒரு வருடத்துக்கு ஆபரேட்டர் எண் 8." ராசியில்லாத எண்ணை அந்த வருடம் முழுதும் யாரும் முணுமுணுக்காமல் அழுத்தினோம். ஒன்பது சும்மா இருந்தது.

உத்தரவு யாருடையது என்று விசாரித்தேன். "தம்பி சொல்லியது" என்றார் பெரியவர். "எங்க அண்ணன் சொல்லியதாக்கும்" என்றார் சின்னவர். இருவரில் யார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.