சிறுவர் ஊரடங்கை நீக்கக் கோரி மேயர் அத்தைக்கு

கெல்விக் ஊர் நூலகம்,
வடக்கு டகோட்டா.
ஜூன் 21, ஞாயிறு.

மாண்புமிகு மேயர் ஆர்டிஸ் ஓசென் அவர்களின் சமூகத்துக்கு, நூலகர் மாரித் ஓசென் பணிவோடு எழுதிக்கொள்வது.

அன்புள்ள அத்தை, மேலே உள்ள வரி கோப்புக்காக. இனிமேல் வருவது உங்களுக்காக. நான் நலம், நீங்கள் நலமா, முழங்கால் வலி தேவலையா, டுவேன் மாமா தோட்டத்து முயல்களோடு இன்னும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறாரா? இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் என்ன கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் காபியை நீட்டுவீர்கள், நான் "ஒன்றுமில்லை அத்தை, சும்மாதான் வந்தேன்" என்று குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். எனக்கு வயது இருபத்தைந்து, இத்தனை வருடமும் அப்படித்தான் நடந்து வருகிறது. பேனாவைப் பிடித்தால்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டத்தில் சிறுவர் ஊரடங்கு விதியை நீக்கிவிடுங்கள். முழுதாக நீக்க மனம் வராவிட்டால் நோட்டரி முத்திரை கேட்கும் அந்த ஒரு வரியையாவது நீக்குங்கள். எனக்கு என் மாலை நேரம் திரும்ப வேண்டும். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை. இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

விதி எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் அதன் பிறகு எப்படி வளர்ந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் எல்லையில் நிற்கும் பைபர் காட்டுக்கோழிச் சிலையை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பி, அதன் வால் உங்கள் அலுவலக ஜன்னலைப் பார்க்கும்படி நிறுத்தினார்கள். அதற்காகப் பதினேழு வயதுக்குக் கீழ் உள்ள யாரும் பெற்றோர் துணையில்லாமல் ஒன்பது மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று போட்டீர்கள். சரி. ஜூன் மாதத்தில் நம் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் கண்ணைக் குத்தும், அதையும் விடுங்கள். பெற்றோர் ஏதாவது வேலையாக அனுப்பினால் கையெழுத்திட்ட சீட்டோடு போகலாம் என்று ஒரு விலக்கு வைத்தீர்கள். முதல் வாரமே காவலர் லோவெல் கையில் ஒரு சீட்டு சிக்கியது. "என் மகன் உலாவட்டும். இப்படிக்கு, அம்மா" என்று எழுதி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் "அம்மா" என்றே போட்டிருந்ததாம். உடனே மன்ற உறுப்பினர் வெர்லின் ஹாஃப் எழுந்து, இனி ஒவ்வொரு சீட்டிலும் நோட்டரி முத்திரை இருக்க வேண்டும், ஒரு சீட்டு ஒரு நாளைக்குத்தான் செல்லும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த அறையில் ஆப்பிள் பை பலகாரம் சூடாக இருந்ததால் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டீர்கள். நோட்டரி முன்னால் பெற்றோர் நேரில் வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இந்த ஊரில் இருக்கும் ஒரே நோட்டரி நான் என்பதும் வரவில்லை. மாடு விற்ற பத்திரம், பழைய டிராக்டர் கைமாறிய பத்திரம் என்று வருடத்துக்கு நாலு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவள் நான்.

முதலில் வந்தது வெர்லினின் மனைவி மார்லிஸ் அக்காதான். மகள் பிரிட்டா எதிர்வீட்டுக்கு ஒரு கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். இருபதடி தூரம். அந்த இருபதடிக்கு அனுமதி வாங்க மார்லிஸ் அக்கா ஆறு தெரு காரோட்டி வந்திருந்தார். வந்த வழியில் தட்டையே கொடுத்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை, அவரே நடுவழியில் யோசித்துவிட்டு, விதி விதிதான் என்று வந்துவிட்டாராம். மன்றம் அச்சடித்த படிவத்தில் அடையாள எண்ணுக்கு ஒரு கட்டம் இருப்பதால் நான் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டேன்.

"யாருகிட்டடி கேக்குற? உனக்கு ஞானஸ்நானத்துக்குத் தொப்பி பின்னிப் போட்டதே நான்தான்."

"தெரியும் அக்கா. தொப்பிக்குக் கட்டம் இல்ல, உரிமத்துக்குத்தான் இருக்கு."

உரிமம் வீட்டில் இருந்தது. போய் எடுத்து வந்தார். அதற்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள், அத்தை, அங்கேதான் என் வாழ்க்கை தடம் மாறியது, ஏனென்றால் நம் ஊர்க்காரர்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியுமே தவிர முன்னால் போகத் தெரியாது. "நீங்க போங்க", "ஐயோ பரவால்ல, நீங்க முதல்ல", "எனக்கென்ன அவசரம்" என்று மூன்று பேரும் முக்கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு நிற்க, நான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்த பிறகாவது கிளம்பினார்களா? கதவுப் பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு "சரி, அப்ப நாங்க கிளம்பறோம்" என்று சொல்வது நம் ஊரில் ஒரு உரையாடலின் ஆரம்பம்தானே. கதவைத் திறந்து வைத்தே பேசியதில் உள்ளே வந்த கொசுக்களுக்கு மட்டும் தனியாக ஒரு உறுப்பினர் அட்டை போடலாம்.

இரண்டாம் நாள் ராக்னா ட்வெட்டன் வந்தார். அவரைப் பற்றித்தான் தெரியுமே, தேவாலயத்தில் தப்பான சுருதியில் பாடிவிட்டால் பாதிரியாரிடம் போய் ஒப்புக்கொள்ளும் ஆள். மகன் நெல்ஸ் மருந்துக் கடைக்குப் போய்விட்டு இருபது நிமிடத்தில் திரும்புவான் என்று சீட்டு எழுதியிருந்தார். இதில் உள்ளது உண்மை என்று உறுதி கூறுகிறீர்களா என்று வழக்கப்படி கேட்டேன். அவர் சீட்டைத் திரும்ப வாங்கிப் படித்துவிட்டு, இருபது நிமிடம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவன் வழியில் பார்க்கிற நாயையெல்லாம் தடவிக் கொடுப்பான் என்றார். இருபதை அடித்து முப்பது போட்டோம். "மழை வந்தா நாய்ங்க உள்ள போயிடுமே மாரித், அப்ப முப்பதும் பொய்யாயிடுமே" என்று கவலைப்பட்டார். கடைசியில் வழியில் உள்ள பதினோரு நாய்களின் பெயரையும் எழுதி, நாய்க்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கிட்டு, வானிலைக்கு உட்பட்டது என்று அடியில் ஒரு வரி சேர்த்து முத்திரை வைத்தபோது மருந்துக் கடையை மூடிவிட்டார்கள். பின்னால் நின்றவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் சீட்டுகளையும் மனசாட்சிப்படி திருத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டார்கள் என்று பேனா எடுத்துக் கொடுத்தவளும் நான்தான்.

அப்புறம் என்ன, நிற்கிற கூட்டத்துக்குப் பசிக்கும் என்று யாரோ காபி கொண்டுவந்தார்கள். காபிக்குத் துணையாகக் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ஹாட்டிஷ் இரண்டு பாத்திரம் வந்தது. வரலாற்று அலமாரி முன்னால் சீட்டாட்ட மேசை வந்தது. ஜன்னலோரம் இருக்கும் என் நாற்காலியில், அத்தை, நான் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து படித்த நாற்காலியில், வெர்லின் உட்கார்ந்து சோயா விலை பேசுகிறார். நான் படித்துக்கொண்டிருந்த தடிப் புத்தகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதாநாயகி ரயிலிலிருந்து இறங்க ஒரு காலைக் கீழே நீட்டினாள். மூன்று வாரமாக அந்தக் கால் அந்தரத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தை எடுத்தாலே யாராவது வந்து "என்னடி படிக்கிற, அதுல கல்யாணம் கில்யாணம் வருதா" என்று கேட்டுவிட்டு, என் கல்யாணப் பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். நான் தனியாக இருக்க விரும்புகிறவள் என்று சொன்னால், பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை போல என்று இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் நாற்காலி போடுகிறார்கள்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் போன வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். லோவெலுக்கும் பதினைந்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள் அல்லவா? அவளுக்கும் சீட்டு வேண்டும் என்று அவரே சீருடையோடு வந்து வரிசையில் நின்றார். காவலர் என்பதால் எல்லோரும் அவரை முன்னால் போகச் சொன்னார்கள், காவலர் என்பதால் அவர் எல்லோரையும் முன்னால் போகச் சொன்னார், அப்படியே ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஆகமொத்தம், ஊரடங்கை மீறுகிறவர்களைப் பிடிக்க வேண்டிய ஒரே ஆளும், ஊரில் உள்ள அத்தனை அப்பா அம்மாக்களும் என் நூலகத்துக்குள் இருக்கிறார்கள். வெளியே ஊர் முழுக்கப் பிள்ளைகள் கையில். மெயின் தெருவில் நடுரோட்டில் பேஸ்பால் ஆடியிருக்கிறார்கள். காட்டுக்கோழியை இரண்டு முறை சுற்றிவிட்டிருக்கிறார்கள். அப்புறம் போரடித்துப்போய், தட்டிக் கேட்க யாருமில்லாமல் எவ்வளவு நேரம்தான் தப்புப் பண்ணுவது என்று ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பல் தேய்த்துப் படுத்துவிட்டார்கள்.

பத்தேகாலுக்கு நூலகத்துத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் பிரிட்டா.

"எங்கம்மா அங்கதான் இருக்காங்களா?"

இருக்கிறார், ஜெயித்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

"மணி எத்தனைன்னு பாக்கச் சொல்லுங்க. காலைல எழுந்திருக்க வேணாமா? கதவ எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறது?"

மார்லிஸ் அக்காவிடம் சொன்னேன். இந்த ஒரு ஆட்டம் முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துப் பிரிட்டா பைஜாமாவோடு சைக்கிளில் வந்து நின்றாள், பின்னாலேயே நெல்ஸ், அவன் பின்னால் வழியில் சேர்ந்த நாய்கள். "எந்திரிம்மா, நாளைக்கு ஆடலாம்" என்று ஒரு பக்கம், "அப்பா, ராத்திரி காபி குடிச்சா உனக்கு ஒத்துக்காதுன்னு எத்தனை தடவை சொல்றது" என்று இன்னொரு பக்கம், பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஹாட்டிஷ் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நம் காவலர் அப்போதுதான் விழித்துக்கொண்டு, மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது, சீட்டு எங்கே என்று பிரிட்டாவைக் கேட்டார். அவள் அசரவில்லை. பெற்றோர் துணையோடுதான் நிற்கிறேன் என்று மார்லிஸ் அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. லோவெல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

ஆகையால்தான் சொல்கிறேன் அத்தை, இந்த விதியால் அடங்கியது பிள்ளைகள் இல்லை, நான். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் உங்கள் வாக்குத்தான் தீர்மானிக்கும் என்று தெரியும். நீக்கவும். நீக்காவிட்டால் புதன்கிழமை காலை முத்திரையை அதைக் கொடுத்த மாநிலத் தலைநகருக்கே பார்சலில் திருப்பி அனுப்பிவிடுவேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன், ஆனால் கோபமும் இருக்கிறது.

மாமாவுக்கும் முயல்களுக்கும் என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். எல்லோரும் சௌக்கியமாகவும் சீக்கிரம் வீடு திரும்புகிறவர்களாகவும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அண்ணன் மகள்,
மாரித்.

பின்குறிப்பு (திங்கள், இரவு எட்டே முக்கால்): கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். இன்று பக்கத்து ஊரில் விளையாட்டு என்று நம் ஊர் மொத்தமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஒருவருக்கும் சீட்டு வேண்டியிருக்கவில்லை. ஏழு மணிக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏழு இருபதுக்குள் கதாநாயகியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டேன். இறங்கி என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள், அந்தப் பக்கத்தை ஐந்து முறை படித்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. எட்டு மணிக்கு வெளியே ஒரு கார் நின்ற சத்தம் கேட்டு முத்திரையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். வழி தவறி வந்த யாரோ, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

முழுக் கடிதத்தையும் திருத்தி எழுதக் கை வலிக்கிறது. அதனால் மேலே "நீக்கவும்" என்று உள்ள இடங்களில் எல்லாம் "நீட்டிக்கவும்" என்று படித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வயது வரம்பைப் பதினேழிலிருந்து இருபத்தாறாக உயர்த்துங்கள். அப்போது எனக்கும் தினம் ஒரு சீட்டு வேண்டியிருக்கும். அப்பாவும் அம்மாவும் அரிசோனாவில் இருப்பதால் கையெழுத்துப் போட நீங்கள்தான் வர வேண்டும். ஏழரைக்குள் வந்துவிடுங்கள் அத்தை, ஜன்னலோர நாற்காலியை வெர்லினிடமிருந்து பிடித்து வைக்கிறேன்.