ஸ்டூவில் கேரட் கிடையாது

ஸ்டூ என்றால் நாலே பொருள்தான். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர். ஐந்தாவதாக ஒன்றைப் போடுகிறவன் ஐரிஷ்காரனே இல்லை. அதிலும் கேரட்! கேரட் தங்கத்தில் இருக்கலாம், ஸ்டூவில் இருக்கக் கூடாது.

கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லி வருகிறேன். என் மனைவி நோரீன் கார்க் ஊர்ப் பக்கத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் ஆட்டுக்கறி இல்லாமல்கூட ஸ்டூ வைப்பார்கள், கேரட் இல்லாமல் வைக்க மாட்டார்கள். அதனால் மார்ச் மாதம் வரும் ஒவ்வொரு புனித பேட்ரிக் திருநாளுக்கும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உள்நாட்டுப் போர் நடக்கும். இந்த வருஷம் மாமியாரும் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது.

"ஏங்க, இந்தத் தடவை ஸ்டூவை நீங்களே வைங்க" என்றாள் நோரீன்.

"நானா?"

"நீங்கதானே சமையல் பேராசிரியர். உங்க ஊர் ரொஸ்காமன் ஸ்டூ எப்படியிருக்கும்னு எங்கம்மாவும் பாக்கட்டும்."

"வெச்சுக் காட்டறேன். ஒரு துண்டு கேரட் அந்தச் சட்டியில கிடந்தா என் பேர் ஃபின்டன் இல்ல."

"சரி. ஆனா மூணு மணி நேரம் சட்டியை விட்டு நகரக் கூடாது. கிளறணும், நுரை எடுக்கணும், பக்கத்துலயே நிக்கணும். வருஷா வருஷம் நான் நிக்கல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தவக்காலத்துக்கென்று சாம்பல் புதனன்று கறுப்பு பியரை விட்டிருந்தேன். ஈஸ்டர் வரை ஒரு சொட்டு கிடையாது. நடுவில் பேட்ரிக் திருநாள் ஒன்றுக்குத்தான் விலக்கு. அந்த ஒரு நாளை நம்பித்தான் நான் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தேன். வழக்கமாக நோரீன் அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாள், நான் மட்டி என்கிறவன் நடத்தும் மதுக்கடையில் குடித்துக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது அடுப்பு வெக்கையில் பாவம் அவள் முகம் சிவந்திருக்கும். இந்த வருஷம் வேகப் போவது நானா? நடக்காது.

திருநாளன்று பூசை முடிந்தது. நோரீன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் பார்க்கக் கிளம்பினாள். கதவு சாத்தியதுதான் தாமதம், கறியும் கிழங்கும் போட்டு வைத்திருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கச் சுவரண்டை போனேன்.

"அட்ராக்டா அக்கா!"

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி, சட்டியும் கையுமா?"

"இதைக் கொஞ்சம் உங்க அடுப்புல வெச்சுப் பாத்துக்குங்க. நோரீனுக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"உங்க உருளைக்கிழங்குப் பாத்தி முழுக்க நான் கொத்தித் தர்றேன்."

"ரெண்டு பாத்தி இருக்கே தம்பி."

"ரெண்டையும் கொத்தறேன். ஆனா கேரட் மட்டும் போட்டுடாதீங்க."

"சேச்சே, நான் போடுவேனா?" என்றாள் அக்கா. அந்த 'நான்' என்ற சொல்லில் ஒரு அழுத்தம் இருந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை.

மட்டி கடையில் முதல் வாய் உள்ளே போனதும் தவக்காலமே எனக்கு மன்னிப்புக் கொடுத்தது. இரண்டாவது கிளாஸில் நாக்கு அவிழ்ந்தது.

"மட்டி, ஸ்டூவை அக்கா தலையில கட்டிட்டு வந்துட்டேன். பொண்டாட்டியை ஏமாத்தறது ஒரு கலைடா."

"மெதுவா பேசுங்கண்ணே" என்றான் மட்டி.

கவுண்டருக்குப் பக்கத்தில் மரத்தடுப்பு வைத்த ஒரு சின்ன அறை உண்டு. அந்தக் காலத்தில் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் குடிப்பதற்காகத் தனி வாசல் வைத்துக் கட்டியது. அதன் குட்டி ஜன்னலை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மட்டி மூன்று கிளாஸை உள்ளே நீட்டினான்.

"யாருடா அது?"

"வருஷா வருஷம் பேட்ரிக் திருநாளுக்கு வர்றவங்கதான்."

நமக்கெதற்கு ஊர் வம்பு என்று மூன்றாவது கிளாஸுக்குப் போனேன்.

வீட்டுக்கு ஓடி வந்தபோது சட்டி சுவர் மேல் ஆவி பறக்கக் காத்திருந்தது. மூடியைத் திறக்கவும் நேரமில்லை. அடுப்பில் ஏற்றினேன், ஏப்ரனைக் கட்டினேன், வெங்காயத்தைக் கண்ணில் தேய்த்துக்கொண்டேன். வாசலில் பேச்சுக் குரல். நோரீன், மாமியார், கூடவே விருந்துக்கு அட்ராக்டா அக்கா. மூன்று பேர் முகமும் சிவந்திருந்தது. வெளியே நல்ல குளிர்காற்று போல.

"அடடா, மாப்பிள்ளை கண்ணெல்லாம் கலங்கியிருக்கே" என்றார் மாமியார்.

"மூணு மணி நேரம் அத்தை. அசையல."

நோரீன் மூடியைத் திறந்தாள்.

கேரட். ஒன்றிரண்டல்ல. கட்டை விரல் தடிமனில், சட்டி முழுக்கக் கேரட். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, இது கேரட்டா?"

நான் போடவில்லை என்றால், 'அப்போ சட்டிகிட்ட யார் இருந்தா?' என்று கேட்பார்கள். போட்டேன் என்றால் என் பெயர் ஃபின்டன் இல்லை. ஒரு பக்கம் மானம், மறு பக்கம் மனைவி. மானம் திரும்பி வந்தாலும் வரும்.

"நான்தான் போட்டேன் அத்தை. உங்களுக்காக."

மாமியார் என் கன்னத்தைக் கிள்ளினார். "என் மாப்பிள்ளை தங்கம்!"

இத்தனை கேரட் போட்டால் யார்தான் தங்கமாக மாட்டார்கள்? தலை குனிந்து சாப்பிட்டேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், நன்றாகவே இருந்தது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நோரீன் பக்கத்தில் வந்து துணியால் தட்டைத் துடைத்தாள்.

"பொண்டாட்டியை ஏமாத்தறது ஒரு கலை, இல்லீங்களா?"

கையிலிருந்த கரண்டி தொட்டியில் விழுந்தது. "நீ... அந்தத் தடுப்புக்குப் பின்னாடியா?"

"நான், அம்மா, அக்கா. ஊர்வலத்துக்குப் போகாம அக்கா வீட்டுக்குள்ளதான் இருந்தோம். நீங்க தெருமுனை தாண்டினதும் கேரட்டை நறுக்கிப் போட்டுட்டு மூணு பேருமா வந்துட்டோம்."

"அக்காவுமா? அப்போ ஸ்டூவை யார் பாத்துக்கிட்டா?"

"அதை எதுக்குப் பாக்கணும்? தீயைச் சின்னதா வெச்சா அது பாட்டுக்கு வேகும்."

"பின்னே இத்தனை வருஷமா நீ அடுப்பை விட்டு நகராம நின்னது?"

நோரீன் கடைசித் தட்டையும் துடைத்து அலமாரியில் அடுக்கினாள்.

"இத்தனை வருஷமா அந்த ஜன்னலைத் தட்டினது யாருன்னு நினைச்சீங்க?"