தாமோதரன் வண்டிக்குச் சிவப்பு பிரேக்

இனிமேல் தன் காரில் ஒரு நண்டுகூட ஏறக் கூடாது. தோணிரேவு தாமோதரன் சனிக்கிழமை காலையில் இந்த மாபெரும் முடிவை எடுத்தான். எடுத்த முடிவை மனைவி ஜமுனாவிடம் மட்டும் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் இருந்திருந்தால் அவன் வாழ்க்கையே வேறு.

எல்லாம் சகலை விஜயால் வந்தது. போன மாசம் பொன்னேரியில் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், உடனே அலறினான். "அண்ணே, சீட்டுக்கு அடியில யாரோ என் கால புடிக்கிறாங்க!" பிடித்தது, ஜமுனாவின் கூடையிலிருந்து தப்பித்த நண்டு. சொந்தபந்தம் மொத்தமும் சிரித்தது. முதலில் சிரித்தவள் ஜமுனா. தாமோதரனுக்கு மானம் போயிற்று.

நாளைக்கு விஜய் மகளுக்குப் பிறந்தநாள். ஜமுனாவுக்கோ ஞாயிறுதோறும் விஜய் இருக்கும் அதே பொன்னேரியில் நண்டு வியாபாரம். தாமோதரன் யோசித்தான். பிரேக் காலிப்பருக்கு பெயிண்ட் அடித்து வண்டியை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டால், அதில் கூடை ஏற்ற அவளுக்கே மனசு வராது!

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினான். ஜமுனா வந்து நின்றாள்.

"இன்னாங்க, சக்கரத்த கழட்டிப் போட்டுனு உக்காந்துனு கீறீங்க?"

"இதான் காலிப்பரு. பிரேக் அமுத்துனா சக்கரத்தோட தட்ட கவ்விப் புடிக்கும்."

"நண்டு கொடுக்கு மாதிரின்னு சொல்லுங்க."

நண்டு என்றதும் அவன் அவசரமாக கம்பி பிரஷை எடுத்தான். உப்புக்காற்றில் ஏறிய துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரில் துடைத்து, பெயிண்ட் படக் கூடாத இடமெல்லாம் டேப் ஒட்டினான். தோணிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.

"அய்ய, மூடுங்க! தோணி தண்ணியில கெடக்கும். பிரேக்கு சூடாவும். பொகைய கெளப்பினு சகலை வூட்டுக்குப் போவப்போறீங்களா? பழவேற்காடு கடையில சூடு தாங்குற பெயிண்ட் கேளுங்க. செவப்பா பாத்து வாங்குங்க."

இவள் எப்போது மெக்கானிக் ஆனாள்? வாங்கி வந்தான். லேசாக ஒரு கோட், காய்ந்ததும் இன்னொரு கோட். மறுபக்கமும் அப்படியே. சாயங்காலம் சக்கரங்களை மாட்டியபோது கம்பிகளுக்கு நடுவே காலிப்பர் பளபளத்தது.

"தோணிக்கு அடிக்கிற மாதிரியே அடிச்சிட்டீங்களே!"

புகழ்ச்சி கேட்டு எத்தனை வருஷம்! தாமோதரன் மெழுகாக உருகினான். "பின்ன? எங்க நைனா பழக்குன கை. தோணிக்கு இன்னா மொறையோ, அதே மொறைதான் இதுக்கும்."

"எல்லா மொறையுமா?"

"ஒண்ணு வுடாம!"

"இருங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

தாமோதரன் தலைசீவிக்கொண்டு வந்து நின்றான்.

"நீங்க தள்ளுங்க. சக்கரம் மறையுது."

ஞாயிறு காலை பேன்ட் சட்டை போட்டு வெளியே வந்தால், வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. நெகிழ்ந்துபோனான். டிக்கியைத் திறந்தான். இரண்டு கூடை நண்டு!

"இன்னாடி இது!"

"உங்க நைனா மொறை. பெயிண்ட் அடிச்ச தோணி மொத ஓட்டத்துல வெறுங்கூடையோட கரைக்கு வரக்கூடாதுன்னு மாமா சொல்வாரா, மாட்டாரா?"

"சொல்வாரு..."

"ஒண்ணு வுடாமன்னு யாரு சொன்னது?"

தாமோதரன் வண்டியை எடுத்தான். வேறு என்ன செய்வான்?

பொன்னேரியில் விஜய் ஓடி வந்தான். சக்கரத்தருகே குனிந்து பார்த்தான். "அண்ணே, சோக்கா கீதுண்ணே!" தாமோதரனின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. நண்டாவது ஒன்றாவது, இந்த ஒரு வார்த்தை போதும் என்று நினைத்தான்.

அதற்குள் தெருவில் ஏழெட்டுப் பெண்கள் பையோடு வந்து சூழ்ந்தார்கள். ஒருத்தி கைப்பேசியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள்.

"செவப்பு பிரேக் வண்டி இதானே? போட்டோ வந்துச்சி."

"இதேதான், வாங்கக்கா!" என்றாள் ஜமுனா. புருஷன் பக்கம் திரும்பினாள். "வெந்த நண்டு கலருங்க. அதான் செவப்பு சொன்னேன். இனிமே வாராவாரம் நம்ம வண்டிய தேடி அலைய மாட்டாங்க. இந்தாங்க, தராச புடிங்க."

விஜயும் உள்ளே போய் ஒரு பையோடு வந்து வரிசையில் நின்றான்.

"அண்ணே, எனக்கு ரெண்டு கிலோ. கொடுக்கு பெருசா பாத்துப் போடுங்க."