முன்பக்கமா, உச்சியா

"முன்பக்கமா, உச்சியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்," என்றார் டாக்டர். கையில் மூடி கழற்றிய மார்க்கர் பேனா.

நாற்காலியில் இருந்த அளவுகாரர் மார்க்கரையே பார்த்தார். அவர் ஒரு கார்ப்பெட் கடையில் அளவெடுப்பவர். எந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலும் நாடாவைப் பிரிக்காமலேயே எத்தனை சதுர அடி என்று சொல்லிவிடுவார். சொந்த மண்டையின் பரப்பளவுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டும் வேணும் டாக்டர். இதுல இருக்கிற மாதிரியே," என்று மேஜையைக் காட்டினார். அங்கே அவருடைய விக், தூங்கும் பூனைக்குட்டி போலக் கிடந்தது.

"பின்னந்தலையில இருந்து முடி எடுத்துத்தான் நடணும். உங்களுக்கு அங்கே இருக்கிறது பாதி இடத்துக்குத்தான் வரும். முழுசுக்கும் பரப்பினா எல்லாப் பக்கமும் பல்லிளிக்கும். சனிக்கிழமை வெச்சுக்கலாம். அதுக்குள்ள வீட்ல கலந்து பேசி முடிவு பண்ணுங்க."

வீடு என்றதும் அளவுகாரர் விக்கை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு விஷயமே தெரியாது. முதன்முதலாக மனைவியைச் சந்தித்த நாளிலேயே விக் வைத்திருந்தார். அடுத்த சந்திப்பில் சொல்லிவிடலாம் என்று போனார். அன்றைக்குப் பார்த்து அவள், "உங்க முடி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள். அதோடு சரி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஓடிவிட்டது. சைனஸ் என்று சொல்லிக் கம்பளிக் குல்லாயோடுதான் தூக்கம். விக் அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைக்குப் பின்னால், ஷூ பெட்டிக்குள் தூங்கும்.

வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவாவிட்டால் நாறிப்போகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். இவர் ஒருநாளும் கழுவியதில்லை. யாருக்கும் தெரியாமல் எங்கே போய்க் கழுவுவது? ஆனாலும் அது மணத்துக்கொண்டேதான் இருந்தது. ஒசத்திச் சரக்கு என்று அவருக்குப் பெருமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து எடுக்கும்போது மட்டும் லேசாக ஈரமாக இருக்கும். சுவரில் ஓதம் என்று பெட்டியை மூன்று இடம் மாற்றினார். ஓதமும் கூடவே வந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மனைவி கண்ணாடி முன் நின்று டை அடித்துக்கொண்டே, "எனக்குக் காதோரம் பூரா நரைச்சாச்சு. உங்களுக்கு ஒண்ணுகூட இல்லையே. என்னங்க ரகசியம்?" என்று சிரித்தாள்.

சிரிப்பு அவர் கண்ணில் படவில்லை. ரகசியம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வழுக்கைக்காக அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அது அவருக்குத் தெரியும். ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் ஏமாற்றினவன் என்று ஒரு பார்வை பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குத்தான் அவர் பயந்தார். நிஜ முடி முளைத்துவிட்டால் விக்கை எங்கேயாவது வீசிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள், கடையில் கார்ப்பெட் வெட்டுபவர்.

"இதுக்குப் போய் எதுக்கு அண்ணே முழிக்கிறீங்க? விரிப்பு பத்தலைன்னா நாம என்ன பண்ணுவோம்?"

"ஆளுங்க கண்ணு படுற இடத்துல விரிப்போம். மிச்சத்து மேல சோபாவைப் போட்டு மறைச்சிடுவோம்."

"அதேதான். அண்ணிக்கு எந்தப் பக்கம் கண்ணு படுதுன்னு பாருங்க. அங்க நடச் சொல்லுங்க."

அன்று மாலையே அளவுகாரர் வேலையை ஆரம்பித்தார். கதவைத் திறந்த மனைவி நேரே நெற்றியைத்தான் பார்த்தாள். அப்பாடா, முன்பக்கம் என்று முடிவு செய்துகொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்று பரிமாறினாள். பார்வை நட்ட நடு உச்சியில் இறங்குவது போலிருந்தது. எழுந்து நின்றுகொண்டார்.

"என்னங்க, நின்னுக்கிட்டே சாப்பிடறீங்க?"

"முதுகு பிடிச்சிருக்கும்மா."

வேறு வினையே வேண்டாம். கையைக் கழுவியதும் அவரைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள். உச்சி முழுவதும் இப்போது அவள் மூக்குக்குக் கீழே. விரல்கள் முதுகிலிருந்து கழுத்துக்கு ஏறி, விக்கின் ஓரத்துக்கு ஒரு இஞ்ச் தள்ளி நின்றன.

"இன்னும் மேலே தேய்க்கவா?"

அளவுகாரர் துள்ளி எழுந்தார். "சரியாப் போச்சு."

"அதுக்குள்ளயா?"

"நல்ல தைலம்."

மறுநாள் உச்சி தெரியாமலிருக்க உயரமான ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவள் கண்ணுக்கு நேரே காதோரம் வந்தது. அது கணக்கிலேயே இல்லாத இடம். இரண்டு நாளில் முன்பக்கம், உச்சி, பக்கவாட்டு எல்லாமே அவசியம் என்று ஆகிவிட்டது. இந்தத் தலையில் சோபா போட இடமே இல்லை.

"வெளியூர்ல பத்து நாள் பயிற்சின்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துடுங்க. மிச்சத்தை டாக்டர் பார்த்துப்பார்," என்றார் வெட்டுக்காரர்.

அளவுகாரர் அப்படியே வீட்டில் சொன்னார். மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டி கட்டியதில் பயம் இரட்டிப்பானது. சட்டைகள், தைலம், இரண்டு குல்லாய்கள் எல்லாம் வைத்தாள். கடைசியில் ஒரு ஷாம்பு பாட்டிலையும் செருகினாள்.

"அங்க போய் நீங்களே கழுவிப்பீங்களா?"

"எதை?"

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "தட்டு, டம்ளரைத்தான்."

சனிக்கிழமை காலை டாக்டர் விக்கை எடுத்து மேஜையில் வைத்தார். நெற்றியில் ஒரு வளைவு போட்டார்.

"முன்பக்கம்தானே?"

"ஆமா. இல்ல, உச்சி டாக்டர்."

உச்சியில் ஒரு வட்டம் விழுந்தது.

"அப்ப காதோரம்?"

டாக்டர் பெருமூச்சு விட்டுக் காதோரம் இரண்டு கோடு இழுத்தார். கண்ணாடியில் பார்த்தால் வீடு கட்டக் குறி போட்ட காலி மனை போலிருந்தது தலை.

நர்ஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வரிசையாக ஊசிகள்.

"இதெல்லாம் எனக்கா?"

"இது மரத்துப்போறதுக்கு மட்டும்தான் சார். கூட யாரு வந்திருக்காங்க? வீட்ல ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

"யாரும் வரலையே."

"பரவாயில்ல, வீட்டு நம்பர் குடுத்திருக்கீங்களே. நானே கூப்பிட்டு அவங்களை வரச் சொல்லிடறேன்."

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்றார் அளவுகாரர்.

தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே காற்று சில்லென்று உச்சியில் அடித்தபோதுதான் உறைத்தது. விக் டாக்டர் மேஜையில் கிடக்கிறது. திரும்பிப் பார்த்தார். வாசலில் நர்ஸ், காதில் போனோடு நின்றிருந்தாள்.

மனைவி கிளம்பும் முன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஓடினார். போனால் மட்டும் என்ன, இந்தத் தலையோடா அவள் முன் நிற்பது? கைக்குட்டையை விரித்துப் போர்த்திக்கொண்டார். உச்சியை மூடினால் நெற்றி தெரிந்தது, நெற்றிக்கு இழுத்தால் உச்சி தெரிந்தது. டாக்டர் சொன்னது சரிதான், பாதி இடத்துக்குத்தான் வந்தது.

முன்வாசல் வேண்டாம் என்று பின்பக்கமாக நுழைந்தார். இன்றோடு குடும்பம் போயிற்று என்று தோன்றியது. கொடிக்கு அந்தப் பக்கம், கீழ்வீட்டில் இருக்கும், வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. ஒதுங்கலாம் என்று திரும்பிய அவசரத்தில் கைக்குட்டையும் நழுவிக் கீழே விழுந்தது.

வளைவும் வட்டமும் கோடுகளுமாக அளவுகாரர் வெயிலில் நின்றார். வீட்டுக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. தன் துணிகளை நகர்த்திக் கொடியின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கினார்.

"இன்னிக்கு சனிக்கிழமைதானே தம்பி? உங்க வீட்ல வாராவாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம்தானே உங்க முடியைத் துவைச்சு இங்க காயப்போடுவாங்க?"